பனியில் ஓடும் வண்டிக்கு ஜே.சி. ரோட்டில் ஜெட் கிடைக்குமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றியவை. அதில் அல்சூரிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியதாகிவிட்டது, அதனால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் மகன் கனடாவில் ஒன்டாரியோவில் வேலை பார்க்கிறான். போன அக்டோபரில் ஒரு விவசாயியின் கொட்டகையில் கிடந்த ஸ்கி-டூ பனி வண்டியை வாங்கியிருக்கிறான், 1970களில் வந்ததாம். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, அரை நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. கார்ப்பரேட்டர் போய்விட்டது, அங்கே சாமான் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது, நம் பெங்களூர் ஜே.சி. ரோட்டு வண்டிச் சாமான் கடைகளில் கிடைக்காததா, வாங்கி அனுப்புங்கள் என்கிறான். இரண்டு கடையில் போய் "பனி வண்டி கார்ப்பரேட்டர் கிட் இருக்கா" என்று கேட்டேன். ஒரு பையன் சிரித்தே விட்டான். என்ன செய்யலாம்?
(ஓய்வுபெற்ற தபால்காரர், அல்சூர்)

பதில்: அந்தப் பையனை மன்னித்துவிடுங்கள். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை எந்தக் கடையில் அப்படிக் கேட்டாலும் சிரிப்புதான் வரும். சாமானுக்கு வண்டியின் பெயர் விலாசம் ஆகாது ஐயா. நீங்கள் தபால் கொடுத்தவர், வெறும் ஆள் பெயரை மட்டும் எழுதிய கவரை வைத்துக்கொண்டு அல்சூர் முழுக்க அலைந்திருப்பீர்கள். வீட்டு நம்பர் வேண்டும். அந்த நம்பர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்ப்பரேட்டரின் உடம்பில் இருக்கிறது.

முதலில் மகனிடம் ஒரு போட்டோ கேளுங்கள். கார்ப்பரேட்டரின் கீழே கிண்ணம் மாதிரி ஒரு பாகம் தொங்குகிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கிண்ணம் இல்லை, சப்பையாக, சதுரமாக, பக்கத்தில் இரண்டு திருகுகளோடு இருந்தால் அது அநேகமாக டில்லட்சன் கம்பெனியின் கார்ப்பரேட்டர். கிண்ணத்துக்குள் மிதவை, அதன் மேல் ஊசி என்று நாம் பார்த்துப் பழகிய அமைப்பு அதில் கிடையாது. இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கும், டயாஃப்ரம் என்பார்கள். எஞ்சின் அடியில் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் அறையில் உண்டாகும் அழுத்தத் துடிப்பில் ஒரு சவ்வு பம்பாக அடித்துப் பெட்ரோலை இழுக்கும், இன்னொரு சவ்வு எவ்வளவு உள்ளே விடுவது என்று அளக்கும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும், குதித்தாலும் பெட்ரோல் தடைபடாது, அதனால்தான் மரம் அறுக்கும் செயின் ரம்பத்திலும் இதே வகையைப் போட்டார்கள். ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே என்பவர் கியூபெக் மாகாணத்தின் வால்கூர் ஊரிலிருந்து 1959-ல் ஸ்கி-டூவைக் கொண்டுவந்தார். 60களிலும் 70களின் முற்பகுதியிலும் வந்த பல ஸ்கி-டூக்களில் இந்த டில்லட்சன்தான். 70களின் நடுவிலிருந்து மிக்குனி என்ற ஜப்பான் கம்பெனியின் கார்ப்பரேட்டர் வந்துவிட்டது. மகனின் வண்டி "70களில்" என்று மொட்டையாகச் சொல்வதால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

டில்லட்சன் என்றால் நீங்கள் ஜே.சி. ரோடு போகவே வேண்டாம், பஸ் காசு மிச்சம். எஞ்சினோடு ஒட்டும் தட்டையான விளிம்பில் எச்.ஆர். அல்லது எச்.டி. அல்லது எச்.எல். என்று ஆரம்பித்து, ஒரு கோடு, ஒரு எண், கடைசியில் சில சமயம் ஓர் எழுத்து என்று பொறித்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் தெரியும். அந்த எழுத்து வரைக்கும் விடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், எழுத்து மாறினால் உள்ளே சாமானும் மாறலாம். கம்பெனி இரண்டு விதமான கிட் விற்கிறது. டி.ஜி. என்று ஆரம்பிப்பதில் சவ்வுகளும் பேக்கிங்கும் மட்டும். ஆர்.கே. என்று ஆரம்பிப்பதில் அவற்றோடு ஊசி, ஸ்பிரிங், சின்ன நெம்புகோல் எல்லாம் உண்டு. கொட்டகையில் வருஷக்கணக்கில் கிடந்த வண்டிக்கு ஆர்.கே.தான் வாங்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் மறுபடி கழற்றும் வேலைதான் வரும்.

கழற்றும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோ எடுக்கட்டும். சவ்வு முதலில் வருகிறதா, பேக்கிங் முதலில் வருகிறதா என்பது இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மாற்றிப் போட்டால் பம்ப் பெட்ரோலை இழுக்காது, புது கிட் சரியில்லை என்று விற்றவரோடு சண்டை போடுவார்கள். பழைய சவ்வு எப்படிப் போயிருக்கிறது என்பதையும் பார்க்கட்டும். நல்ல சவ்வு வாழைத்தோல் மாதிரி வளையும், கெட்டது பழைய அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். அரை நிமிஷம் ஓடி நிற்பதற்கு என் சந்தேகம் இந்தப் பம்ப் சவ்வின் மேல்தான். அதற்கு அடுத்த சந்தேகம் கிராங்க் அறையிலிருந்து வரும் துடிப்புக் குழாய். விரல் நீளம் கூட இராத அந்த ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருந்தால் போதும், பம்புக்கு உயிர் இருக்காது. கிட் ஆர்டர் போடுவதற்கு முன்னால் அந்தக் குழாயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், செலவு ஒரு காபிக் காசு.

பக்கத்தில் இருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்று மெதுவாக ஓடும்போது, இன்னொன்று வேகத்தில். இரண்டையும் மெல்ல முட்டும் வரை மூடி, சுமார் ஒரு சுற்றுத் திறந்து ஆரம்பிப்பது வழக்கம், அந்த மாடலின் சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். மூடும்போது முறுக்கக் கூடாது, ஊசி முனை உட்காரும் இடம் அகன்றுவிட்டால் அப்புறம் எந்தக் கிட்டும் காப்பாற்றாது. வேகத்துக்கான திருகை ரொம்ப மூடினால் வண்டி முதலில் அருமையாகப் பறக்கும், பிறகு பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது என்பதை மறக்கக் கூடாது, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

சரி, கிண்ணம் இருந்தால்? அப்போது அது மிக்குனி வி.எம். ஆக இருக்க நல்ல வாய்ப்பு. அதுவானால் நாம் எல்லோரும் அதன் சொந்தக்காரர்கள்தான், நம் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கில் இருந்ததும் வி.எம். வகை மிக்குனிதானே. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மேலே ஏறும் உருளையான ஸ்லைடு, அதிலிருந்து தொங்கும் ஊசி, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகுகளான ஜெட்டுகள் (கீழே மெயின் ஜெட், பக்கத்தில் பைலட் ஜெட்), எல்லாம் அதே குடும்பம், அங்கே காற்று போகும் துளை பெரிது, 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர் என்று போகும். உடம்பில் வி.எம். என்று பொறித்து அந்த எண்ணும் இருக்கும்.

இங்கேதான் உங்கள் மகன் நினைப்பதில் பாதி சரி, பாதி தப்பு. மெயின் ஜெட்டும் பைலட் ஜெட்டும் இங்கே தேடலாம், ஆனால் பழைய ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். மிக்குனியிலேயே தலை ஆறு பட்டையாக இருப்பது, உருண்டையாக இருப்பது, பெரியது, சின்னது என்று பல உண்டு, மரையும் வேறுபடும். அப்புறம் நம்பர். மிக்குனியில் 100 என்றும் கெய்ஹினில் 100 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே அளவு பெட்ரோல் விடும் என்று நம்பி வாங்காதீர்கள், இரண்டு கம்பெனியும் எண் போடும் முறையே வேறு. நான் ஒரு தடவை இந்த ரோட்டிலேயே ஒரு கடையில் பளபளவென்று ஒரு ஜெட் வாங்கிவந்தேன். நம்பர் சரி, மரை சரி, துளையை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோழிமுட்டை வடிவம். போலி. கொண்டுபோய்க் காட்டினால் "எல்லாரும் இதைத்தான் போடுறாங்க சார்" என்று பதில்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குளிர். காற்று குளிரும்போது அடர்த்தியாகிறது. 25 டிகிரி வெயிலில் இருப்பதைவிட மைனஸ் 25-ல் காற்று ஏறத்தாழ 20 சதவீதம் அடர்த்தி. அதோடு நம் பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகம், இங்கே காற்று இயல்பாகவே கொஞ்சம் மெலிசு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கடல் மட்டத்துக்கு அருகில் மைனஸ் 25-ல் ஓடும் வண்டி உறிஞ்சும் காற்று, நம் ஊர் வண்டி உறிஞ்சுவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், ஆகவே பெரிய மெயின் ஜெட். நம் ஊர் மெக்கானிக் காதில் கேட்டுப் பழகிய "நல்ல சத்தம்" அங்கே பிஸ்டனுக்கு எமன். ஜெட் அளவை மகன் அந்த வண்டியின் கையேட்டில், அவன் ஊர்க் குளிருக்குப் பார்த்து எடுக்கட்டும், நீங்களோ நானோ இங்கிருந்து குறிச்சொல்ல வேண்டாம். இருக்கும் ஜெட்டையே ஊசியால் குடைந்து பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடைப்பு எடுக்கக்கூட உலோகக் கம்பி கூடாது, முத்து கோர்க்கும் நைலான் இழை போதும்.

மிக்குனியாக இருந்தால் கிட்டில் வராத மூன்று இடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, சோக். அதில் சோக் என்பது மூடும் தகடு அல்ல, தனியாக ஒரு சின்ன உலக்கை, அதன் அடியில் ஒரு ரப்பர் பொட்டு. ரப்பர் தேய்ந்தால் எப்போதும் பெட்ரோல் ஒழுகி ப்ளக் கருக்கும். இன்னொரு சங்கதி, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தச் சோக் வேலையே செய்யாது. பாதிப் பேர் "ஸ்டார்ட்டிங் ட்ரபிள்" என்று கார்ப்பரேட்டரைக் கழற்றுவது இதனால்தான். இரண்டு, கார்ப்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழல். வெளியே நன்றாகத் தெரியும், கையால் மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு வாயைப் பிளக்கும். அதன் வழியாகக் களவாகப் போகும் காற்றுக்குக் கணக்கில்லை, பிஸ்டன் ஒட்டுவதற்கு அது ஒன்றே போதும். மூன்று, ஊசியும் அது நுழையும் நீடில் ஜெட்டும். இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று உரசி நீடில் ஜெட்டின் வாய் வட்டமாக இல்லாமல் போயிருக்கும், பாதி ஆக்ஸிலேட்டரில் புகையும் திக்கலும் வரும். மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும், புருஷன் பெண்டாட்டி மாதிரி.

கடைசியாக, கார்ப்பரேட்டரையே இங்கே அனுப்பிச் சரி செய்து வாங்கலாம் என்று மகன் யோசித்தால், பெட்ரோல் வாசனை அடிக்கும் எதையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். முழுக்கக் கழுவிக் காயவைத்த பிறகுதான் பார்சல். அந்தச் செலவுக்கு அங்கேயே நல்ல கிட் இரண்டு வாங்கலாம். அப்பாவை ஜே.சி. ரோட்டுக்கு அனுப்பிவைக்கும் பிள்ளைப் பாசம் புரிகிறது, ஆனால் இந்த முறை நீங்கள் மகனுக்கு அனுப்ப வேண்டியது ஒரே ஒரு வரிதான்: "உடம்பில் என்ன எழுதியிருக்கிறது, போட்டோ அனுப்பு."

கேள்வி: அண்ணா, என் ஆர்.எக்ஸ். 100 ராத்திரி நிறுத்திவைத்தால் காலையில் கீழே பெட்ரோல் குளம். மூன்று தடவை கார்ப்பரேட்டர் கிட் மாற்றியாச்சு. மூன்றும் வேறு வேறு கடை. வண்டியையே விற்றுவிடலாமா?
(கல்லூரி மாணவர், ஸ்ரீராம்புரம்)

பதில்: தம்பி, விற்காதே. இன்றைக்கு விற்றால் நாளைக்கு அதே வண்டியை இரண்டு மடங்கு கொடுத்தாலும் வாங்க முடியாது. மூன்று கிட்டும் போயிருக்கிறது என்றால் குற்றவாளி கிட்டில் இல்லை. டேங்க்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார், சிவப்பாகத் துரு தெரியும். அந்தத் துருத் தூள் வந்து ஊசி முனைக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது, ஊசி மூடுவதில்லை. டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் பத்தாவது கிட் போட்டாலும் குளம்தான். டேங்க்கும் சுத்தமாக இருந்தால் மிதவையைப் பார், உள்ளே பெட்ரோல் புகுந்து கனத்திருக்கலாம், காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்கும். பித்தளை மிதவை உள்ள பழைய வண்டிகளில் இன்னும் சுலபம், வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி விடும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் சின்னப் பொட்டுக்கு மேல் வைத்தால் மிதவை எடை கூடி மறுபடி அதே குளம்.

ராத்திரி பெட்ரோல் டேப்பை மூடுகிறாயா? கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லை.

கேள்வி: மைசூரில் செய்த அப்பாவின் யெஸ்டி ரோட்கிங் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய கார்ப்பரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வண்டியின் கார்ப்பரேட்டரை மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய சாமான் சந்தையில்) அசல் கிடைக்குமா? அப்பா இருந்திருந்தால் சம்மதிக்க மாட்டார்.
(வாசகி, ஆர்.டி. நகர்)

பதில்: குஜ்ரியில் கிடைக்கும், கிடைக்கும் என்றால், ஞாயிற்றுக்கிழமை மூன்று நடை நடந்தால் ஒன்று கண்ணில் படும், அதுவும் உங்களுடையதைப் போலவே தேய்ந்ததாக இருக்கும். யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா கம்பெனியை 1996-லேயே மூடியாகிவிட்டது, ஆகவே "அசல் புதுசு" என்று யார் காட்டினாலும் இரண்டு தடவை பாருங்கள். ஸ்லைடைக் கழற்றி அதன் கூட்டுக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கார்ப்பரேட்டரின் ஆயுள் முடிந்தது, ஐட்லிங் நிற்கவே நிற்காது. அப்படியானால் மெக்கானிக் சொல்வது குற்றமில்லை, துளையின் அளவு பழையதற்குச் சமமாக இருந்து, ஜெட்டையும் பொறுமையாகப் பார்த்துப் போடுகிறவராக இருந்தால் செய்யட்டும். பழையதைத் தூக்கிப் போட மட்டும் விடாதீர்கள், துடைத்து எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா தினத்தில் கூடுகிறவர்களிடம் காட்டினால் அதற்கு ஸ்லைடு வைத்திருக்கும் ஆள் ஒருவராவது சிக்குவார். அப்பா வண்டியை ஓட்டத்தான் வாங்கியிருப்பார், ஓடினால் அவருக்குச் சம்மதம்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்ப்பரேட்டரைக் கெடுக்குமா?
(ஆட்டோ ஓட்டுநர், சிவாஜிநகர்)

பதில்: தினமும் ஓடும் வண்டியில் மெதுவாக, நிற்கும் வண்டியில் வேகமாக. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும் அல்லது விறைக்கவைக்கும், ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும், அந்த இடத்தில் உலோகம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ரப்பர் சாமான் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள், எஸ்.பி. ரோட்டில் வைட்டன் ஓ-ரிங் (எத்தனால் தாங்கும் ரப்பர் வளையம்) என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். அல்சூர்க்காரரின் மகனுக்கும் இது பொருந்தும், அவர் வண்டி வெயில் காலம் முழுக்க நிற்கும், டேங்க்கையும் காலி செய்யட்டும்.

கேள்வி: போன வருஷம் குல்மார்க்கில் பனி வண்டி ஓட்டினேன். ஒரு பழைய வண்டி வாங்கிவந்து நம் ஊர் மண் ரோட்டில் ஓட்டலாமா?
(வாசகர், ஜெயநகர்)

பதில்: கூடாது. பெல்ட் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு எண்ணெயும் பனிதான், குளிர்ச்சியும் பனிதான். மண்ணில் ஓட்டினால் ஜெயநகர் நாலாவது பிளாக்கைத் தாண்டுவதற்குள் உருகிவிடும்.